நச்சுக்கொடி

காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் பெரியதொரு வேதியியல் ஆலை உளது. அங்கே செய்யப்படும் பொருள்களுள் பி.வி.சி. என்னும் வெண்பொடியும் ஒன்று. அப்பொடியை உருக்கி வார்த்தால் கடினமான குழாய் கிடைக்கும். ஆனால், மின்கம்பியின் உறையும் மருத்துவமனையில் குருதி ஏற்றும் பையும் துணிபோல் துவளுகின்றனவே, அஃது எவ்வாறு?

அவற்றைச் செய்யும் ஆலைகளில் பொடியோடு தாலேட்டு எனப்படும் எண்ணெய் போன்ற பொருள்களைக் கலக்கின்றனர். சில பைகளின் எடையில் மூன்றிலொரு பங்கு இவ்வெண்ணெயே. இது பிளாஸ்டிக்கோடு பிணைந்து ஒன்றாவதில்லை. இடுக்குகளில் தங்கியிருந்து, சூடும் கொழுப்பும் பட்டால் மெல்லக் கசிகிறது.

பிஸ்பினால்-ஏ என்பது மற்றொரு பொருள். கண்ணாடிபோல் தெளிந்த கெட்டிப் பிளாஸ்டிக்கிலும், உணவு அடைக்கும் தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் அது பயன்பட்டு வந்துளது. பெண்மைக்குரிய ஹார்மோனைப்போல் அது செயற்படுவதை 1936-இலேயே இலண்டன் அறிஞர் டாட்ஸ் கண்டறிந்தார். அதனைக் கொண்டு கெட்டிப் பிளாஸ்டிக் செய்யும் தொழில் வளர்ந்ததோ அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்! எச்சரிக்கை முன்னே வந்தும் எவரும் செவிசாய்த்திலர்.

இனி, தாயின் கருப்பைச் சுவரில் ஒட்டி வளரும் நச்சுக்கொடியைக் காண்போம். மகப்பேற்றின்போது அது ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ளது. பெயரில் நஞ்சு இருப்பினும், கருவிலுள்ள சேய்க்கு நுரையீரலும் குடலும் சிறுநீரகமும் அதுவே. தாயின் குருதியும் சேயின் குருதியும் அதனுள் ஒன்றாய்க் கலப்பதில்லை. மெல்லிய திசுவின் இருபுறமும் ஓடி, உணவையும் உயிர்வளியையும் கழிவையும் மாற்றிக்கொள்கின்றன. கருவை நிலைநிறுத்தும் ஹார்மோன்களையும் நச்சுக்கொடி சுரக்கிறது.

இத்திசு நஞ்சைத் தடுக்கும் மதில் என்றே மருத்துவர் பலர் நெடுநாள் நம்பினர். தாலிடமைடு என்னும் மருந்தை உண்ட தாயரின் மக்கள் கைகால் குறையுடன் பிறந்தமை 1961-இல் வெளிப்பட்டபோது அந்நம்பிக்கை தகர்ந்தது.

ஹார்மோன் திறவுகோல் எனின், உயிரணுவிலுள்ள ஏற்பி அதற்கேற்ற பூட்டு. நச்சுக்கொடியில் மிகுதியாயுள்ள ஒருவகை ஏற்பியில் பிஸ்பினால்-ஏ கள்ளத் திறவுகோல்போற் பொருந்துகிறது. தாலேட்டும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் 6,000-க்கு மேற்பட்ட கருவுற்ற மகளிரின் சிறுநீரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, தாலேட்டின் சுவடு மிகுந்தோரிடம் குறைமாதப் பேறும் மிகுந்திருந்தது. குறைமாதப் பேற்றுக்குக் காரணம் பல. பிளாஸ்டிக் ஒன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், இச்செய்தியை ஒதுக்கிவிடவும் இயலாது.

பிஸ்பினால்-ஏ கலந்த பிளாஸ்டிக்காலான பாற்புட்டிகளை இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2015-இல் விலக்கியது. பிறந்த குழந்தைக்கு அது காவலே. பிறவாத குழந்தையோ புட்டியில் உண்பதில்லை. தாய் உண்ணும் கலத்தில் உள்ளதே அதற்கு உணவு.

காயல்பட்டினத்தில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வது மரபு. ஆதலின் பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் இருத்தலை அங்கே காணலாம். கருவுற்ற பெண்ணின் உடலும் அத்தகையதோர் இல்லமே. வயிற்றிலிருப்பது பெண்மகவாயின், நாளை அம்மகவு ஈன்றெடுக்கப்போகும் மக்களுக்குரிய சூல்முட்டைகளும் அது பிறக்குமுன்னரே அதன் சூலகத்தில் உருவாகிவிடுகின்றன. பிளாஸ்டிக் கலத்தில் ஊற்றிய சூடான பாலில் கசிந்தது, ஒரே வேளையில் அம்மூன்று தலைமுறையையும் எட்டக்கூடும்.