ஊசியும் உறுதியும்

பொருநையாறு பாய்ந்து வளஞ்செய்யும் ஊர்களுள் ஒன்று ஸ்ரீவைகுண்டம். நெல்லும் வாழையும் செழித்த அவ்வூரில் வாழும் ஓர் எளிய குடும்பத்தை மனக்கண்ணால் காண்போம். அவ்வில்லத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். சில வாரங்களாக அவனுக்குத் தணியாத நீர்வேட்கை. இரவிலும் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகின்றான். பசித்து உண்டும் அவன் உடல் மெலிகின்றது. குருதியை ஆய்ந்த மருத்துவர், "இது நீரிழிவு நோய், நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுதல் வேண்டும்" என்கின்றார். பெற்றோர் திகைக்கின்றனர். முதியோர்க்கு வரும் நோய் குழந்தைக்கும் வருமோ? தான் கொடுத்த தின்பண்டங்களே காரணமோ என்று தாய் தன்னையே நொந்துகொள்கின்றாள்.

அவள் அவ்வாறு வருந்த வேண்டுவதில்லை. இரைப்பையின் பின்புறம் கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் சிறு தீவுகளைப் போன்ற உயிரணுத் திரள்கள் இருப்பதை, 1869ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் லாங்கர்ஹான்ஸ் எடுத்துரைத்தார். அவற்றிலிருந்து சுரப்பதே இன்சுலின். குருதியிலுள்ள சர்க்கரை உயிரணுக்களுக்குள் புகுந்து ஆற்றலாக மாறுவதற்கு அஃது இன்றியமையாதது. சிறுவர்க்குப் பெரும்பாலும் வரும் நீரிழிவில், நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடற்காவலே வழிதவறி, இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றது. இனிப்பு உண்டதால் அது வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதுமன்று.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்தல் அரிது. உணவை மிகக் குறைத்து, அவர்தம் வாழ்நாளைச் சிறிது நீட்டுவதே மருத்துவர் அறிந்த வழியாக இருந்தது. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், மக்ளியோட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், பான்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் விலங்கின் கணையத்திலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுக்க முற்பட்டு வெற்றி கண்டனர். 1922 ஜனவரி 11ஆம் நாள், லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அன்று கிடைத்த பயன் சிறிதே. கொலிப் என்பார் அதனைத் தூய்மைப்படுத்தித் தர, 23ஆம் நாள் மீண்டும் செலுத்தினர், சிறுவன் தேறினான். அவ்வாண்டிலேயே எலும்புந் தோலுமாய் டொராண்டோ சென்ற எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி, இன்சுலின் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். காப்புரிமையைப் பெற்றோர் அதனை ஆளுக்கு ஒரு டாலருக்கே பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர்.

மருந்து கிடைத்துவிட்டது. ஆயினும், அதனை ஒருநாளும் தவறாமல் செலுத்தும் பொறுப்பு இல்லத்தாரையே சார்ந்தது. நம் சிறுவனின் தந்தை, விரல் நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியைக் கருவியிலிட்டுச் சர்க்கரையின் அளவைக் காணக் கற்கின்றார். தாய், வயிற்றிலும் தொடையிலும் இடம் மாற்றி மாற்றி ஊசி போடக் கற்கின்றாள். குளிர்ப்பெட்டி இல்லாத அவ்வீட்டில், நீர் கசிந்து குளிர்ந்த மண்பானை மருந்தை வெப்பத்தினின்று காக்கின்றது. "கருப்பட்டி உடம்புக்கு நல்லதாயிற்றே, அது என் பேரனை என்ன செய்யும்?" என்று கேட்ட ஆச்சியும், அதுவும் குருதியில் சர்க்கரையை ஏற்றும் என்பதை உணர்கின்றார். அண்டை வீட்டார் ஒருவர், "ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுங்கள்" என்கின்றார். தந்தை பணிவோடு மறுக்கின்றார். ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே மகன் உயிருக்கு இடர் நேரும் என்பதை அவர் அறிவார்.

பள்ளியிலும் விழிப்பு வேண்டும். இன்சுலின் மிகுந்தாலும், உணவு தாழ்த்தாலும், விளையாட்டு அளவு கடந்தாலும் சர்க்கரை பெரிதும் குறைந்துவிடும். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் தோன்றும். அவ்வேளையில் இனிப்பே மருந்து! ஆதலால் பெற்றோர் அவன் பையில் குளுக்கோஸ் வைத்து அனுப்புகின்றனர். ஆசிரியரிடமும் உடன் பயில்வோரிடமும் சொல்லி வைக்கின்றனர். நினைவு இருக்கும்போதே சர்க்கரை நீரைப் பருகத் தருதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

திங்கள் சில கழிகின்றன. ஊசியைக் கண்டு அழுத சிறுவன், இப்போது தானே விரலை நீட்டுகின்றான். மற்றப் பிள்ளைகளோடு ஓடி ஆடுகின்றான்.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் இத்தகைய தோழர் ஒருவர் இருக்கலாம். இரக்கம் காட்டுவதாக எண்ணி அவரை ஆட்டத்தினின்று விலக்காதீர்கள். ஊசி போடுவதைக் கேலி செய்து நாணச் செய்யாதீர்கள். அறிஞர் கண்டது மருந்து. அதனை ஒரு குழந்தையின் நீண்ட வாழ்வாக ஆக்குவன, இல்லத்தாரின் உறுதியும் தோழர்களின் அறிவும் ஆகும்.