விமானத்தில் ஓடும் ஒளி

டுபாய்க்கும் கட்டாருக்கும் போய்வரும் மன்னார் சகோதரர்கள் பலர் போயிங் 777 இல் பயணித்திருப்பார்கள். 1995 இல் சேவைக்கு வந்த இவ்விமானமே, கருவிகளுக்கிடையே தகவல் அனுப்பக் கண்ணாடி இழை (பைபர் ஒப்டிக்) வலையமைப்பை முதலில் பயன்படுத்திய பயணிகள் விமானம்.

செம்புக் கம்பி பாரமானது. பாரம் கூடினால் எரிபொருள் செலவும் கூடும். மின்காந்த இடையூறும் அதைப் பாதிக்கும். ஒளியைக் கடத்தும் இழைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே விமானத்தில் செம்பும் தேவை.

இழையின் முனையில் தூசு படிந்தாலே ஒளி தடைப்படும். எனவே துப்புரவாக்கி, இணைத்து, அளக்கத் தெரிந்த கைக்கு மதிப்புண்டு. வீடுகளுக்கு வரும் இணைய இழைக்கும் இதுவே அடிப்படை. கூலி வேலைக்கென வளைகுடா புறப்படும் எருக்கலம்பிட்டி, முசலி இளைஞர்கள் முதலில் இதைக் கற்றுச் சான்றிதழ் பெறட்டும். இன்ஷா அல்லாஹ், ஊரிலும் உழைக்கலாம்.