எல்போ குடிக்கும் தண்ணீர்

பழைய தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மேட்டுத் தொட்டி 6 மீட்டர் உயரத்தில், 25 மி.மீ. இரும்புப் பைப், 20 மீட்டர்தான். இருந்தும் குளியலறையில் தண்ணீர் மெலிந்து வருகிறதே, ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

நீளத்தை அளந்தீர்கள், வளைவுகளை எண்ணினீர்களா? ஒரு 90 டிகிரி எல்போ, பைப் விட்டத்தைப்போல் 30 மடங்கு நேர்க்குழாய்க்குச் சமம். உங்களுக்கு அது முக்கால் மீட்டர். எட்டு எல்போ என்றால் 6 மீட்டர். இதுகூடப் பரவாயில்லை. பெரிய திருடன் குளோப் வால்வு! முழுக்கத் திறந்தாலும் 340 மடங்கு, அதாவது எட்டரை மீட்டர். அதில் இரண்டு இருந்தால், எல்போக்களையும் சேர்த்து உங்கள் 20 மீட்டர் பைப் 43 ஆகிவிடும். தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். கேட் வால்வு வெறும் 20 சென்டிமீட்டர்தான். முதலில் குளோப் வால்வை எடுத்துவிட்டு கேட் வால்வைப் போடுங்கள். அப்புறமும் மெலிந்தே வந்தால், பைப்பை ஓரிடத்தில் அறுத்துப் பாருங்கள். உள்ளே துரு அடைத்திருக்கும்.