கணினிக்குள் கோப்பைத் தேட: எந்தக் கருவி எதற்கு?

யட்டவத்த பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதம், அஸ்வெசும மேன்முறையீடு, ஊழியர் சேமலாப நிதிப் படிவம், காணி உறுதியின் பிரதி, பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கக் கொடுத்த விண்ணப்பம் என்று நாலைந்து வருடங்களில் ஒரு வீட்டுக் கணினியிலேயே நூற்றுக்கணக்கான கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. தட்டச்சும் ஃபோட்டோ கொப்பியும் செய்யும் கடை என்றால் ஆயிரக்கணக்கில் இருக்கும். "தம்பி, போன வருஷம் அடிச்ச கடிதம் இருக்குதானே?" என்று மாத்தளை பஸ்ஸுக்கு அவசரப்படும் ஒருவர் கேட்டால், அதை உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவர் திரும்பவும் காசு கொடுத்துப் புதிதாக அடிக்க நேரிடும்.

தேடும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, தேடும் கோப்பைப் பற்றி நமக்கு எது நினைவிருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். பெயர் நினைவிருந்தால் ஒரு கருவி, உள்ளே எழுதியது நினைவிருந்தால் வேறொரு கருவி. கோப்பு வெறும் படமாக இருந்தால் எந்தத் தேடலுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அது யுனிகோட்டில் அடித்ததா, பாமினி எழுத்துருவில் அடித்ததா?

படி 1: ஒரு சோதனைக் கோப்புறை

எந்தக் கருவியையும் நம்புவதற்கு முன் உங்கள் கணினியிலேயே சோதித்துப் பாருங்கள். டி டிரைவில் ஒரு கோப்புறை திறந்து அதில் ஐந்து கோப்புகளை வையுங்கள்.

1. பெயரிலேயே 'மாத்தளை' என்ற சொல் உள்ள ஒரு கோப்பு.
2. பெயரில் அச்சொல் இல்லாமல், உள்ளே யுனிகோட்டில் 'மாத்தளை' என்று அடித்த வேர்ட் கோப்பு.
3. உள்ளே பாமினியில் அதே சொல்லை அடித்த வேர்ட் கோப்பு.
4. இரண்டாவது கோப்பிலிருந்து சேமித்த பிடிஎஃப்.
5. அதே பக்கத்தை அச்சிட்டு ஸ்கேன் செய்த படம்.

இனி ஒவ்வொரு கருவியிலும் 'மாத்தளை' என்று தேடி, ஐந்தில் எவை அகப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: விண்டோஸின் சொந்தத் தேடலைச் சரிசெய்தல்

"விண்டோஸில் தேடினால் ஒன்றுமே வராது" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒன்றுதான். விண்டோஸ் ஓர் அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்து, அதில்தான் தேடுகிறது. புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு மாதிரி. அமைப்புகளை நாம் தொடாதவரை அந்த அட்டவணையில் சேர்வது டொக்யூமென்ட்ஸ், டெஸ்க்டொப் போன்ற பயனர் கோப்புறைகள்தான். நாமோ முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் போட்டு வைக்கிறோம்.

ஸ்டார்ட் பட்டியில் 'இண்டெக்ஸிங் ஒப்ஷன்ஸ்' என்று தேடித் திறவுங்கள். 'மொடிஃபை' என்பதை அழுத்தி, டி டிரைவில் உங்கள் ஆவணக் கோப்புறைக்குச் சரி அடையாளம் இடுங்கள். பிறகு 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'ஃபைல் டைப்ஸ்' சென்று, வேர்ட், பிடிஎஃப் வகைகளுக்கு உள்ளடக்கத்தையும் அட்டவணையில் சேர்க்கும் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணை தயாராகச் சில மணி நேரம் எடுக்கலாம். அதுவரை கணினியை நிறுத்தாமல் விடுங்கள்.

இனிச் சோதனையில் முதலாவதும் இரண்டாவதும் கிடைக்க வேண்டும். நான்காவது, அந்த பிடிஎஃப் எப்படித் தயாரானது என்பதைப் பொறுத்தது. தமிழ் பிடிஎஃப்கள் சிலவற்றில் கண்ணுக்கு எழுத்து ஒழுங்காகத் தெரிந்தாலும் உள்ளே கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அப்படிப்பட்டவை தேடலில் சிக்கா.

தமிழில் தேடும்போது முழுச்சொல்லை அடிக்காதீர்கள். 'தோட்டம்' என்று அடித்தால் 'தோட்டத்தில்', 'தோட்டத்துக்கு' என்பவை தப்பிவிடும். 'தோட்ட' என்று நிறுத்தினால் மூன்றும் வரும். விண்டோஸ் தேடல் சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கிறது என்பதால், 'பிறப்புச்சான்றிதழ்' என்று சேர்த்து எழுதிய கோப்பைத் தேட 'பிறப்பு' என்றே தொடங்குங்கள்.

படி 3: பெயர் நினைவிருந்தால் 'எவ்ரிதிங்'

வொய்ட்டூல்ஸ் வெளியிடும் 'எவ்ரிதிங்' இலவச மென்பொருள். அதன் வேகத்துக்கு எளிய காரணம் உண்டு. என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த டிரைவில் எல்லாக் கோப்புகளின் பெயரையும் விண்டோஸ் ஏற்கெனவே ஒரு முதன்மை அட்டவணையில் வைத்திருக்கிறது. எவ்ரிதிங் கோப்புறை கோப்புறையாக நுழைந்து பார்ப்பதில்லை. அந்த அட்டவணையை நேரே வாசிக்கிறது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 10இன் சுமார் 120,000 கோப்புகளுக்கு ஒரு விநாடி, பத்து இலட்சம் கோப்புகளுக்கு ஒரு நிமிடம் அளவில் போதும் என்று அதைத் தயாரித்தவர்களே குறிப்பிடுகிறார்கள். நினைவகமும் குறைவாகவே எடுப்பதால் பழைய கணினிக்கும் ஏற்றது.

விண்டோஸ் தேடலைப் போலன்றி, இது பெயரின் நடுவில் உள்ள எழுத்துகளையும் பிடிக்கும். 'உறுதி|பத்திரம்' என்று நடுவில் நெடுங்கோடு போட்டால் இரண்டில் ஏதாவது ஒன்று உள்ளதெல்லாம் வரும். உடுக்குறி (*) நினைவில்லாத எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய உதவி. யட்டவத்தவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஏ'யில் முடிப்பார், இன்னொருவர் 'ஈ'யில் முடிப்பார். 'டி' ஒன்றா இரண்டா என்பதிலும் ஆளுக்கு ஒரு கணக்கு. சந்தேகமான இடங்களிலும் தேடலின் தொடக்கத்திலும் முடிவிலும் உடுக்குறி போட்டால் எல்லா எழுத்துக்கூட்டலும் ஒன்றாகக் கிடைக்கும்.

பென் டிரைவ்கள் பெரும்பாலும் வேறு முறையில் அமைந்தவை. அவற்றை அமைப்புகளில் 'ஃபோல்டர்ஸ்' பகுதியில் தனியாகச் சேர்க்க வேண்டும். எவ்ரிதிங்கின் பலம் பெயர்தான். சோதனையில் அது முதல் கோப்பை மட்டும் காட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: உள்ளே எழுதியது நினைவிருந்தால்

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 'டொக்ஃபெட்சர்' இலவசமான திறந்த மூல மென்பொருள். நீங்கள் காட்டும் கோப்புறைக்கு மட்டும் அட்டவணை தயாரித்து, தேடிய சொல் எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே திறந்து காட்டும். ஒரே ஆவணக் கோப்புறையில் அடிக்கடி தேடுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

'ஏஜென்ட் ரான்சாக்' அட்டவணை எதுவும் வைப்பதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் கோப்புகளைத் திறந்து வாசிக்கிறது. ஆகவே மெதுவாகத்தான் வேலை செய்யும். முழு டிரைவையும் கொடுக்காமல் ஒரு கோப்புறையையும் ஏறத்தாழ எந்தத் திகதிக்குப் பிந்தியது என்பதையும் கொடுத்தால் வேகம் கூடும். எப்போதாவது தேடுகிறவர்களுக்கு இது போதும். மேக் கணினியில் 2005இலிருந்து உள்ள ஸ்பொட்லைட்டும், லினக்ஸில் ரிகோலும் இந்த வேலையைச் செய்கின்றன.

படி 5: பாமினிக் கோப்புகள்

இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் பலருக்கு இன்றும் பாமினிதான். ஆனால் பாமினியில் அடித்தால் கோப்புக்குள் தமிழ் எழுத்துகள் பதிவதில்லை. பதிவது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவத்தில் காட்டுகிறது. 'மாத்தளை' என்று நாம் காண்பது, கணினிக்குக் கே, எச், ஜே, அரைப்புள்ளி, ஜே, ஐ, எஸ் என்ற வரிசை. யுனிகோட்டில் 'மாத்தளை' என்று தேடினால் எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது சோதனைக் கோப்பு எங்கும் அகப்படாததற்குக் காரணம் இதுதான்.

வழி இருக்கிறது. வேர்டில் பாமினியில் அந்தச் சொல்லை அடியுங்கள். அதைக் கொப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், அப்படியே தேடுங்கள். இதற்கு ஏஜென்ட் ரான்சாக் பொருத்தமானது. அட்டவணைக் கருவிகள் அரைப்புள்ளியில் சொல்லை உடைத்துவிடலாம்; இது எழுத்தெழுத்தாக ஒப்பிடும். 'பிளெயின் டெக்ஸ்ட்' தெரிவைப் போடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் தெரிவையும் போடுங்கள். பாமினியில் சிறிய 'கே' ம, பெரிய 'கே' மு.

தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரம் 2008இலேயே வந்துவிட்டது; அது யுனிகோட்டைத்தான் சார்ந்தது. புதிதாக அடிப்பதையெல்லாம் யுனிகோட்டில் அடியுங்கள். அடிக்கடி பயன்படும் பழைய மாதிரிக் கடிதங்களை, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் இணைய எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றிக்கொள்ளலாம். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். மற்றவர்களின் விவரம் உள்ள கடிதங்களை இணையத்தில் ஒட்டவும் வேண்டாம்.

படி 6: ஸ்கேன்களும் கைபேசிப் படங்களும்

ஐந்தாவது கோப்பில் எழுத்தே இல்லை, இருப்பது படம். 'நாப்ஸ்2' என்ற இலவச ஸ்கேன் மென்பொருளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் எழுத்துணரித் தரவை (படத்திலுள்ள எழுத்தை வாசிக்க உதவுவது) இறக்கி, தேடக்கூடிய பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். அச்சிட்ட கடிதங்களுக்கு இது நன்றாக உதவும்.

ஆனால் பழைய பிறப்புச் சான்றிதழ்களிலும் காணி உறுதிகளிலும் பல கையால் எழுதியவை. அவற்றை எழுத்துணரி நம்பகமாக வாசிக்காது. வாட்ஸ்அப்பில் வந்து இறங்கும் படங்களின் பெயரில் திகதி போன்ற விவரங்கள் மட்டுமே இருக்கும். இவற்றுக்கெல்லாம் நாமே பெயர் வைப்பதுதான் வழி. வருடம், மாதம், நாள், ஆவண வகை, உரியவரின் பெயர், ஊர் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்: '2024-03-15 பிறப்பு கிருஷ்ணவேணி யட்டவத்த'. வருடத்தை முன்னால் வைத்தால் பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

எதைத் தெரிவுசெய்வது?

வீட்டுக் கணினிக்கு, சரிசெய்த விண்டோஸ் தேடலும் எவ்ரிதிங்கும் போதும். ஆசிரியருக்கும் எழுத்து வேலை செய்பவருக்கும் அவற்றோடு டொக்ஃபெட்சர் வேண்டும். பாமினிக் கோப்புகள் நிறைந்த தட்டச்சுக் கடைக்கு எவ்ரிதிங்கும் ஏஜென்ட் ரான்சாக்கும் பொருந்திய சோடி. எல்லாவற்றையும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

கடைக்காரருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. நன்றாகத் தேடும் கணினியில் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியையும் எவரும் தேடி எடுக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், வேலை முடிந்த பிரதிகளை அழிப்பதை வழக்கமாக்குங்கள். வைத்திருக்கச் சொன்னவர்களுடையதை மட்டும் கடவுச்சொல் உள்ள கணக்கில் வையுங்கள்.

தேடும் கருவிகள் என்றும் நிலைப்பவை அல்ல. கூகுள் 2004இல் வெளியிட்ட 'கூகுள் டெஸ்க்டொப்' உலகெங்கும் பயன்பட்டது. 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். யுனிகோட்டில் எழுதி ஒழுங்காகப் பெயரிட்ட கோப்பை, அடுத்து வரும் எந்தக் கருவியும் கண்டுபிடிக்கும். ஆகவே இன்று எவ்ரிதிங்கை நிறுவுங்கள். நாளை முதல் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் திகதியோடு பெயர் வையுங்கள்.