கடல் ஏறும் நேரத்தில் சானன்றி முனை

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே ஃபெர்த் என்னும் கடற்கழி இன்வர்னெஸ் நகரம்வரை நிலத்துக்குள் புகுந்திருக்கிறது. அதன் வடகரையில் இருப்பது பிளாக் ஐல் தீபகற்பம். அங்கே ஃபோர்ட்ரோஸ், ரோஸ்மார்க்கி ஆகிய இரு சிற்றூர்களுக்கு நடுவிலிருந்து கூழாங்கல்லும் மணலும் சேர்ந்த ஒரு திட்டு கடலுக்குள் நீள்கிறது. அதன் நுனிதான் சானன்றி முனை. 1846-இல் ஆலன் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. எதிர்க்கரையில் 1769-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜார்ஜ் கோட்டை. இரண்டுக்கும் இடையில் உள்ள நீர்வழி ஒரு மைல் அகலம்கூட இல்லை. பிரிட்டனில் கரையில் நின்றபடியே காட்டு டால்பின்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இந்த ஒடுக்கம்தான் டால்பின்களை இங்கே இழுக்கிறது. கோடையில் சால்மன் மீன்கள் தாம் பிறந்த ஆறுகளுக்குத் திரும்புகின்றன. நெஸ், பியூலி ஆறுகளுக்குப் போகும் மீன்கள் இந்த வாயிலைக் கடந்தே ஆக வேண்டும். கடல் ஏறும்போது நீரோட்டத்தோடு அவை உள்ளே வருகின்றன. மடைவாயில் பறி வைத்துக் காத்திருப்பவரைப்போல, டால்பின்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று மீனுக்குக் காத்திருக்கும். முனைக்கு அருகிலேயே ஆழம் சட்டென்று கூடுவதால், சில சமயம் கரையிலிருந்து கல்லெறி தூரத்துக்குள்ளேயே வேட்டை நடந்துவிடும். படகில் போனால்தான் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் இந்த இடத்துக்குப் பொருந்தாது.

இவை புட்டிமூக்கு டால்பின்கள். உலகில் நிலையாக ஓரிடத்தைச் சுற்றி வாழும் இந்த இனக் கூட்டங்களில் மிக வடக்கே இருப்பவற்றுள் இதுவும் ஒன்று. குளிர்ந்த நீரைத் தாங்கத் தடித்த கொழுப்பும் பெரிய உடலும் வேண்டும். அதனால் இவை நான்கு மீட்டர்வரை வளர்கின்றன. வெப்பக் கடலில் வாழும் இவற்றின் உறவுகளைப் பார்த்துப் பழகியவருக்கு இந்தப் பருமன் வியப்பளிக்கும். ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்பிலும் உள்ள வெட்டும் தழும்பும் வேறு வேறு. அவற்றைப் படமெடுத்து ஆளடையாளம்போல் பயன்படுத்தி, அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியிலிருந்து இந்தக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். 1990-களில் இதன் எண்ணிக்கை ஏறக்குறைய 130 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. இப்போது ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரம் முழுவதும் சேர்த்து இருநூறுக்கும் மேல். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனாலும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேல் அது போகவில்லை என்பதை மறக்கக் கூடாது.

டால்பின் பார்ப்பது அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் ஓத அட்டவணையைப் படிப்பதுதான். அந்தந்தப் பகுதிக்கான அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதில் வற்றம் முடியும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் கழித்துக் கரையில் நிற்க வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று மணி நேரம்வரை வாய்ப்பு நல்லது. கடல் இறங்கும் வேளையில் வந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துச் சலித்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஓதம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். ஆகவே முதல் நாள் கண்ட நேரத்தை மறுநாளும் நம்பி வரக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும். ஒடுக்கத்தில் நீர் சுழித்துக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், ஏற்றம் மாலையில் வந்தாலும் குறையில்லை. சொல்லப்போனால் மாலைதான் மேல். கூட்டம் கலைந்திருக்கும், கிழக்கே பார்த்து நிற்பவரின் கண்ணில் வெயில் அடிக்காது.

மே முதல் செப்டம்பர்வரை ஏற்ற காலம். டால்பின்கள் ஆண்டு முழுவதும் இந்தக் கடலோரத்தில் இருந்தாலும், மற்ற மாதங்களில் கரைக்கு இவ்வளவு நெருக்கமாக அடிக்கடி வருவதில்லை. ஒரு நாள் பயணமாக வருவதைவிட, அருகிலுள்ள சிற்றூரில் இரண்டு மூன்று இரவு தங்குவது நல்லது. ஒரு நாள் மழை, ஒரு நாள் காற்று என்று போனாலும் மூன்றாம் நாள் மிஞ்சும். முனைக்குச் செல்லும் சாலை குறுகலானது. வண்டி நிறுத்தும் இடமும் சிறியது. ஃபோர்ட்ரோஸிலிருந்தோ ரோஸ்மார்க்கியிலிருந்தோ நடந்து வருவதே மனத்துக்கும் காலுக்கும் இதம். ஜூலையிலும் முனையில் காற்று எலும்பைத் துளைக்கும். காற்று புகாத மேலங்கி, குல்லாய், ஃபிளாஸ்கில் சூடான தேநீர் மூன்றும் அவசியம்.

காற்று ஓய்ந்த நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். அலையின் நுனி வெளுக்கத் தொடங்கினால் துடுப்பையும் நுரையையும் பிரித்தறிய முடியாது. பைனாகுலரை எடுத்தவுடன் கண்ணில் வைத்துக்கொள்வது பலருக்கும் உள்ள பழக்கம். அது பார்வையைக் குறுக்கிவிடும். முதலில் வெறுங்கண்ணால் நீர்ப்பரப்பு முழுவதையும் மெல்ல வலம்வர வேண்டும். கேனட் பறவைகள் தலைகீழாகப் பாயும் இடமும் நீரோட்டம் நுரைக்கும் கோடும் கவனத்துக்குரியவை. பின்னோக்கி வளைந்த உயரமான துடுப்பு எழுந்தால் அது டால்பின். தலையை மட்டும் நீட்டிக் கரையையே உற்றுப் பார்ப்பது சீல். சிறிய முக்கோணத் துடுப்பு ஓசையின்றி உருண்டு மறைந்தால் அது சிறு கடற்பன்றி. இந்தக் கடற்கழியில் டால்பின்கள் கடற்பன்றிகளைத் தாக்கிக் கொல்வது 1990-களில் கரையொதுங்கிய உடல்களைக் கொண்டு உறுதியானது. எப்போதும் சிரிப்பதுபோல் தோன்றும் அந்த முகத்தை வைத்து டால்பினின் இயல்பை எடைபோட முடியாது.

குட்டிகளைக் காண்பதுதான் இந்தக் கரையின் பெரும்பேறு. தாயின் விலாவை ஒட்டி, அதே தாளத்தில் எழுந்து மூச்சுவிட்டு அமிழும். புதிதாகப் பிறந்தவற்றின் உடலில் கருவறையில் மடங்கிக் கிடந்ததால் விழுந்த வெளிர்க் கோடுகள் தெரியும். குட்டி தாயுடன் சில ஆண்டுகள் இருக்கும். வேட்டையைக் கற்பது அந்தக் காலத்தில்தான். இந்த வேளையில் துரத்தும் படகும், தலைக்குமேல் இரையும் டிரோனும் பாலூட்டலையும் வேட்டையையும் கெடுத்துவிடும். கரையில் நிற்பவரால் அந்தத் தொல்லை இல்லை.

மோரே ஃபெர்த்தின் இந்தப் பகுதி 2005 முதல் டால்பின்களுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ இவற்றைத் தொந்தரவு செய்வது ஸ்காட்லாந்தில் குற்றம். வருகிறவர்கள் டிரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், நீந்தியோ கயாக்கிலோ அருகில் போக முயலாதீர்கள், கரையிலேயே நில்லுங்கள்.