'உங்க மதத்துல என்னதான் சொல்றாங்க?' – பதில் சொல்ல அக்காவின் 8 டிப்ஸ்

ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதோ, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதோதான் யாராவது இப்படிக் கேட்பார்கள். உடனே ஒருத்தி ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை இழுப்பாள். இன்னொருத்தி, "சர்ச்சுக்கு வாங்க, பாஸ்டர் சொல்வார்" என்று நழுவுவாள். ரெண்டுமே தப்பு, தங்கச்சி. கேட்டவளுக்கும் நேரமில்லை, உனக்கும் நேரமில்லை. இதைப் படித்து வைத்துக்கொள்.

1. சாரத்தை நாலே வரியில் சொல்லப் பழகு. கடவுள் நம்மைத் தம்மோடு உறவாக வாழப் படைத்தார். நாம் நம் இஷ்டத்துக்குப் போய் அந்த உறவை முறித்துக்கொண்டோம். அந்தப் பாவத்தைத் தம்மேல் ஏற்று இயேசு சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். மனம் திரும்பி அவரை நம்புகிறவர்களுக்கு மன்னிப்பும் புதுவாழ்வும் இலவசம். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் அஸ்திவாரமாக வைப்பதும் இந்த மரணத்தையும் உயிர்ப்பையும்தான். சமைக்கும்போது சொல்லிப் பார், வாயில் படிந்துவிடும்.

2. "நல்லது செஞ்சா சொர்க்கம்" என்று சுருக்காதே. நம்மவர்கள் அதிகம் செய்கிற தப்பு இதுதான். மீட்பு நம் நற்செயலுக்குக் கிடைக்கும் சம்பளம் இல்லை, கடவுள் தரும் ஈவு. எபேசியர் 2:8, 9 பார். நல்ல வாழ்க்கை அதற்குப் பிறகு வருகிற பலன்.

3. பேச்சு முட்டிக்கொண்டு நின்றால் கதை சொல். லூக்கா 15-ல் ஒரு அப்பாவின் இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கி, ஊதாரித்தனமாக அழித்து, பன்றி மேய்த்து, பசியோடு திரும்புகிறான். அப்பா தூரத்திலேயே பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். சொத்துப் பிரிவினை பார்க்காத குடும்பம் நம் ஊரில் உண்டா? சட்டென்று புரியும். கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கும் மூத்தவனை விட்டுவிடாதே. ஒழுங்காக இருந்தவனுக்கும் அப்பாவின் மனசு புரியவில்லை என்பது கதையின் மறுபாதி.

4. சர்ச் பாஷையைக் குறை. "நீ இரட்சிக்கப்பட்டியா?" என்று திடீரென்று கேட்டால் புதிதாகக் கேட்பவள் மிரண்டுபோவாள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசு.

5. அவர்கள் சாமியைப் பழிக்காதே. ஏதென்ஸ் நகரத்துச் சிலைகளைப் பார்த்துப் பவுலுக்கு உள்ளம் கொதித்தது. ஆனாலும் அவர் அங்கிருந்த ஒரு பலிபீடத்தைச் சுட்டிக்காட்டி, அந்த ஊர்க்காரர்கள் அறிந்த கவிஞர்களின் வரியை எடுத்துத்தான் பேசினார் (அப்போஸ்தலர் 17). பக்கத்து வீட்டுக்காரி பிரசாதம் நீட்டினால், வேண்டாம் என்பதைச் சிரித்த முகத்தோடு சொல். அங்கே பிரசங்கம் வேண்டாம்.

6. இல்லாத வாக்குறுதி கொடுக்காதே. "ஜெபம் பண்ணினா வேலை கிடைக்கும், வியாதி போயிடும்" என்று அடித்துச் சொல்லாதே. மூன்று தரம் வேண்டியும், பவுல் 'முள்' என்று சொன்ன அவருடைய துன்பம் நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). நோயாளி வீட்டுக்கு ரசம் சாதம் கொண்டுபோ. கேட்டுவிட்டு, சரி என்றால் மட்டும் ஜெபி. பணமோ ஸ்கூல் சீட்டோ காட்டி யாரையும் இழுக்காதே. அது நற்செய்தியே இல்லை, வியாபாரம்.

7. முதலில் காது கொடு. சமாரியப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்; அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார் (யோவான் 4). விடை தெரியாவிட்டால், "தெரியலை, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல். மறக்காமல் விசாரித்தும் சொல்.

8. படிக்கக் கேட்டால் மாற்கு. 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களிலும் சின்னது. முழு பைபிளைத் தலையில் கட்டினால் லேவியராகமத்தோடு மூடி வைத்துவிடுவாள். தினம் விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் தட்டிவிடுவதையும் நிறுத்து. கேட்டால் அனுப்பு, போதும்.

சொல்லி முடித்ததும் வாயை மூடு. "அப்ப எப்ப ஞானஸ்நானம்?" என்று துரத்தாதே. சொல்வது உன் வேலை. நம்புவதும் மறுப்பதும் அவள் விருப்பம். மறுத்தாலும் அவள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நில். தட்டு கழுவ ஆள் குறைந்தால் நீயே கழுவு.