'ஹெச்.ஆர். லேப்டாப்' என்று ஒரு வகை

அசெட் ரிஜிஸ்டரை எக்செல்லிலிருந்து மென்பொருளுக்கு மாற்றும்போது முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் கேட்பார்: "நமக்கு ஏத்த மாதிரி கேட்டகரியை நாமளே போட்டுக்கலாமே?" தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், மென்பொருள் தடுக்காது. தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

நான் பொறுப்பேற்ற ஒரு நிறுவனத்தில் கேட்டகரி பட்டியலைத் திறந்தால் உருட்டிக்கொண்டே போக வேண்டும். 'டெல் லேப்டாப்', 'லேப்டாப் 16 ஜிபி', 'ஹெச்.ஆர். லேப்டாப்', 'லேப்டாப் பழசு'. ஒரே மெஷினை இந்த நான்கில் எதில் வேண்டுமானாலும் போடலாம், ஆளாளுக்கு ஒன்றில் போட்டும் இருந்தார்கள். ஹெச்.ஆரில் இருந்த ஒன்று சேல்ஸுக்குப் போய் வெகுநாளாகியும் பதிவேட்டில் ஹெச்.ஆரிலேயே கிடந்தது. மொத்தம் எத்தனை லேப்டாப் என்று ஆடிட்டர் கேட்டால் நான்கு ரிப்போர்ட் எடுத்துக் கூட்ட வேண்டும். கூட்டினாலும் ஸ்டோர் ரூம் கணக்கோடு ஒத்துவராது.

இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். வாங்கிய நாளிலிருந்து ஸ்கிராப்புக்குப் போகும்வரை மாறாதது எதுவோ அதுவே வகை. துறை, ஆள், ராம், இருக்கும் தளம், பழசா புதுசா என்பதெல்லாம் மாறும், ஆகவே அவை ஃபீல்டு. பிராண்ட் மாறாது, உண்மைதான். ஆனால் மாடல் பெயரிலேயே அது வந்துவிடுகிறதே!

லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர், ஸ்விட்ச், பிரிண்டர் போன்ற வழக்கமான வகைகளை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், வெளியாட்கள் நம்மிடம் கேட்பதே அந்தக் கணக்கில்தான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சர்வருக்கும் நெட்வொர்க் சாதனங்களுக்கும் 6 ஆண்டு ஆயுள் சொல்கிறது. டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு 3 ஆண்டு. சர்வரையும் டெஸ்க்டாப்பையும் 'கம்ப்யூட்டர்' என்று ஒரே வகையில் கொட்டிவிட்டால், ஆண்டு இறுதியில் தேய்மானம் போடும் அக்கவுண்ட்ஸ்காரர் உங்களைத் தேடி வருவார். 2022 மின்கழிவு விதிகளிலும் லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு.

சொந்த வகையே வேண்டாம் என்பதல்ல. யுபிஎஸ் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கென வகை இருக்காது, யுபிஎஸ்ஸின் உதிரிபாகமாக எழுதிவிடுவார்கள். ஆனால் யுபிஎஸ் அதே இடத்தில் நிற்கும்போதே, பின்னால் ரேக்கில் அடுக்கிய 12 வோல்ட் பேட்டரிகளை மாற்ற வேண்டிவரும். மாட்டிய தேதியை யாரோ மார்க்கரில் பேட்டரி தலையிலேயே எழுதியிருப்பார்கள். பல அலுவலகங்களில் அதற்கு அந்த ஒரு பதிவுதான். பழைய பேட்டரியை சப்ளையர் பைபேக்கில் எடுத்துப்போவார், கேட் பாஸ் போட வேண்டும். போதாததற்கு, 2022-இலேயே வந்த பேட்டரி கழிவு விதிகள் வேறு தனி. ஆயுளும் வேறு, அகற்றும் சட்டமும் வேறு. தனி வகை கொடுக்க இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு பேட்டரிக்கும் டேக் ஒட்ட வேண்டியதில்லை. ஒரு பேட்டரி பேங்குக்கு ஒரு பதிவு, அதில் ஏஹெச், மாட்டிய தேதி, எந்த யுபிஎஸ் என்று மூன்று ஃபீல்டு போதும்.

ஸ்னைப்-ஐடி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: அதில் அசெட் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி டேக், ஆக்சஸரி என்றால் எண்ணிக்கை மட்டும். வகையை உருவாக்கும்போதே எது என்று முடிவு செய்தாக வேண்டும். மவுஸ், கீபோர்டு, சார்ஜர் ஆக்சஸரியாக இருக்கட்டும். டாக்கிங் ஸ்டேஷனை நான் அசெட்டில்தான் போடுவேன். விலையும் அதிகம், சீரியல் நம்பரும் உண்டு, வேலையை விட்டுப் போகிறவர் திருப்பித் தர மறப்பதும் அதைத்தான்.

'இதர' என்று ஒரு வகை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பயோமெட்ரிக் மெஷினை அவசரத்துக்கு 'பிரிண்டர்' என்று பதிவார்கள், நான் பார்த்திருக்கிறேன். காலாண்டுக்கு ஒருமுறை 'இதர'வைத் திறந்து பாருங்கள். ஒரே மாதிரிப் பொருள் நிறையச் சேர்ந்து, அதற்கு ஏ.எம்.சி.யும் தனியாக ஓடினால் அப்போது வகை பிரிக்கலாம். பிரிக்கும் உரிமை மட்டும் ஒருவர் கையில் இருக்கட்டும்.

பழைய வகைகளை இணைக்கும்போது முதலில் பட்டியல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பிறகு 'முந்தைய வகை' என்று ஒரு ஃபீல்டு சேர்த்து பழைய பெயரை அதில் ஏற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் ஃபைலிலும் பழைய ஆடிட் தாள்களிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். க்ளைம் என்று வரும்போது அதை வைத்துத்தான் தேட வேண்டும்.